கிணற்று நீரில் பிழைத்த மீன்கள்

மகளுக்கு,

நீ கேட்ட எண்ணை நான் அனுப்பப் போவதில்லை. கடிதத்தைப் பிரித்ததும் அதைத்தான் தேடுவாய் என்று தெரியும். தேடிக் களைக்க வேண்டாம் என்றுதான் மேலேயே எழுதிவிட்டேன். முதலில் சிலுவை போடுங்கள், சுகம் விசாரியுங்கள், அப்புறம் சேதிக்கு வாருங்கள் என்று உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறாள். சிலுவை போட்டாயிற்று. நாங்கள் சுகம். உன் அறையில் அம்மா ஊறுகாய் ஜாடிகளை வைத்துவிட்டாள், வந்து சண்டை போட்டுக்கொள்.

உன்னை சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கல்யாணமாகாத பெண்ணை மலையடிவார ஊருக்கு, அதுவும் தண்ணீர் சோதிக்கிற உத்தியோகத்துக்கு அனுப்புகிறீர்களே என்று கோயில் வாசலில் கேட்காதவர் இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "அவ படிச்சிருக்கா, போறா." நேற்று உன் முதல் கடிதம் வந்தது. அங்கே செப்புக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்று ஆற்றில் கழுவுநீர் விடுகிறது, மீன் சாகாமல் இருக்க எவ்வளவு செம்பு வரை அனுமதிக்கலாம் என்று மாதக் கடைசிக்குள் உன் மேலதிகாரிக்கு எண் வேண்டும், உனக்கு இன்னும் ஒரு மேஜைகூடச் சரியாகக் கிடைக்கவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். "நம்ம அடையாறு எண்கள் இரண்டையும் அனுப்புங்கள் அப்பா, மழைக்கால எண்ணையே இங்கே வைத்துவிடுகிறேன்" என்று முடித்திருந்தாய். "நம்ம" என்ற அந்தச் சொல்லுக்காக இரண்டு முறை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்ப மாட்டேன். காரணத்தை முழுக்கச் சொல்லவேண்டுமானால், மூன்று வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இதன் பிரதி ஒன்றை நம் பங்குப் பத்திரிகை நடத்தும் சாமியாரிடமும் கொடுக்கிறேன். நாலு பேர் அறியச் செய்த தப்பை மூடிய உறைக்குள் ஒப்புக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

யுத்த காலத்தில் சைதாப்பேட்டைக்கு மேலே ஆற்றோரம் பித்தளைப் பட்டறை ஒன்று வந்தது உனக்கு நினைவிருக்கும். பட்டாளத்து பெல்ட்டுக்கு பக்கிள் செய்தார்கள். பக்கிளை அமிலத்தில் முக்கி எடுத்து, கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஆற்றில் விட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நமக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலைதான் முதலில் சொன்னாள். அவள் புருஷன் கோட்டூர்ப் பக்கம் வீச்சு வலை போடுகிறவன். கூடையை இறக்கி வைத்தபடியே, "இன்னாமா பண்றது, கெண்டையே காணோம், வலையில அழுக்குதான் வருது" என்று உன் அம்மாவிடம் புலம்பினாள். அவளைப் போல இன்னும் பத்துப் பேர் கரையில் இருந்தார்கள். மனு போனது. மேலிடத்திலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கேள்வி வந்தது: பட்டறையை மூட முடியாது, யுத்தச் சாமான். எவ்வளவு செம்பு வரை விட்டால் மீன் பிழைக்கும் என்று எண்ணாகச் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வி என்னிடம் எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. எங்கள் கூடத்து அதிகாரிக்கு மீன் நாற்றம் பிடிக்காது, அவ்வளவுதான். நான் அங்கே கண்ணாடிக் குப்பி கழுவச் சேர்ந்தவன். படித்தது நாலாவது வகுப்புவரை. பட்டம் வாங்கியவர்கள் மேஜையில் விட்டுப்போன புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அவர்கள் எந்தச் சொட்டை எந்தக் குப்பியில் விடுகிறார்கள் என்று கழுவும்போதே பார்த்து வைத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கூடத்தில் நான் செய்யத் தெரியாத சோதனை ஒன்றுகூட இல்லை. ஆனால் தாளில் கையெழுத்துப் போடும் இடம் எனக்குக் கிடையாது. இதை நான் ஆயிரம் முறை உனக்குச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடும்போது சொல்வேன், கோயிலுக்கு நடக்கும்போது சொல்வேன். ஆயிரத்தோராவது முறையாக இப்போதும் சொல்கிறேன், அது அநியாயம்தான். அதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆகவே அந்த வேலை கைக்கு வந்தபோது, இதுதான் என் எண், உலகம் பார்க்கட்டும் என்று இருந்தது. நம் வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் எட்டுக் கண்ணாடி ஜாடி வரிசையாக வைத்தேன். அஞ்சலை புருஷனிடம் உயிரோடு கெண்டைக்குஞ்சு வாங்கினேன். முதலில் குழாய்த் தண்ணீரில் விட்டேன். செம்பு ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை, ஒரு மணி நேரத்தில் எல்லாம் செத்து மிதந்தன. குழாயில் கலக்கும் பிளீச்சிங் பவுடர்தான் காரணம் என்று கண்டுபிடித்தபோது எனக்குப் பிடிபடாத பெருமை. எந்தப் பட்டதாரி கண்டுபிடிப்பான்? ஆற்றுத் தண்ணீர் சேறும் சகதியும். ஆகவே நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். தெளிவு, குளிர்ச்சி, நாற்றம் இல்லை. அதில் மீன்கள் வாரக்கணக்கில் நீந்தின.

அப்போது நீ காலேஜில் இரண்டாம் வருஷம். கையில் காப்பியோடு வந்து ஜாடிகளைப் பார்த்துவிட்டு, "அப்பா, மீனு இருக்கப் போறது ஆத்துலதானே? ஆத்துத் தண்ணியையே வடிகட்டி வைக்கக் கூடாதா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. "ரெண்டு வருஷம் படிச்சதுக்கே இந்தத் திமிரா? சோதனைக்குச் சுத்தமான தண்ணி வேணும்னு உங்க வாத்தியாரம்மா சொல்லித் தரலையா?" என்றேன். நீ காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு என் ஜாடிகளைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. எனக்கு அப்போது அது வெற்றியாகத் தோன்றியது. எல்லாத் தப்புக்கும் முன்னால் நடந்த தப்பு அது. வேறு எதற்கு இல்லாவிட்டாலும் அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் அம்மாவும் சொன்னாள். அவள் எதையும் கேள்வியாகக் கேட்கிறவள் இல்லையே. "இந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ச் செம்புல சுண்ணாம்பா அப்பிக்குது. மீனு மட்டும் இதுல ராஜாவாட்டம் இருக்குது பாருங்க." மீன் ராஜாவாட்டம் இருந்தது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

கோடை முழுக்கச் சோதித்தேன். ஜாடிக்கு ஜாடி செம்பைக் கூட்டினேன். எந்த அளவுவரை மீன் ஒன்றுகூடச் சாகவில்லையோ அதைக் குறித்து, அதிலும் பாதியைத்தான் வரம்பாக எழுதினேன். பாதி என்றால் எவ்வளவு ஜாக்கிரதை என்று நினைத்தேன்! அதிகாரி படித்துப் பார்த்தார். "பேஷ்" என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சார், கீழே ஓரமா 'சோதனை செய்தவர்'னு என் பேரை…"

"ஓய், அட்டெண்டர் பேரைப் போட்டா மேலே சிரிப்பாங்க. வேலை நல்லா பண்ணியிருக்கீர். போய்ட்டு வாரும்."

அவர் கையெழுத்தில் எண் போனது. பட்டறைக்காரர்கள் கழுவுநீரில் தண்ணீர் கலந்து, என் வரம்புக்குள் கொண்டுவந்து விட்டார்கள். ஆடியில் மீன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அஞ்சலை ஒரு வெள்ளிக்கிழமை மூன்று கெண்டை கூடுதலாகப் போட்டுவிட்டு, "நைனா நம்பருதான் எங்களுக்குச் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டை இன்றுவரை மறக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்து ஆறு கரை புரண்டது. ஐந்தாம் நாள் காலையில் அஞ்சலை வந்தாள். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. நேராகப் பின்கட்டுக்கு வந்து கூடையைக் கவிழ்த்தாள். கெண்டை, குரவை, பொடி மீன், எல்லாம் வாயைப் பிளந்து, செவுள் வெளுத்து, செத்த மீன். பக்கத்திலேயே என் ஜாடி. வரம்பின் அளவுக்குச் செம்பு கலந்த அதில் நாலு மீன் வாலாட்டிக்கொண்டு இருந்தது.

"இன்னா நைனா, உன் ஜாடில உயிரோட கீது, என் ஆத்துல செத்துக் கீது? ஜாடிய எடுத்துக்கினு போய் ஆத்துல கவுத்துடட்டா?"

"கம்பெனிக்காரன் ஏமாத்தறான் அஞ்சலை. மழையில யாருக்குத் தெரியப்போகுதுன்னு அளவுக்கு மேல விடறான்" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. என் எண் தப்பாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் புருஷன் அதை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனான். காவல்காரர்கள் இரண்டு பேர் அவனை அடித்துப்போட்டார்கள். வலது தோளில் அடி. வீச்சு வலை போடுகிறவனுக்கு வலது தோள் என்றால் என்னவென்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

இது தெரியாமல் நான் குடையும் குப்பிகளுமாகப் பட்டறை வாய்க்கால் வாயில் போய் நின்றேன். ஒரே நாளில் மூன்று வேளை தண்ணீர் பிடித்தேன். கூடத்துக்குக் கொண்டுவந்து, சொட்டு விட்டு, செம்புக்கு வரும் மஞ்சள் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று, அளவு தெரிந்த கண்ணாடிக் குழாய் வரிசையோடு வைத்துப் பார்த்தேன். மூன்றும் வரம்புக்கு உள்ளே இருந்தன. மறுநாளும் பிடித்தேன், உள்ளேதான். பட்டறை மேஸ்திரியிடம் போய், "எங்கேயோ ஒளிச்சு வேற வாய்க்கால் வெட்டியிருக்கீங்க" என்று கத்தினேன். அவன் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, "வாங்க, சுத்திக் காட்டறேன், எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்று மழையிலேயே பட்டறை முழுக்க நடத்திக் காட்டினான். எங்கும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அண்டா நிறைய நுரை. "பாருங்க, ஒரு தேய்ப்புக்கே எப்படி நுரைக்குது. வருஷம் பூரா இந்தத் தண்ணி இருந்தா பாதி சோப்பு மிச்சம்" என்றாள். நான் ஈரக் குடையோடு அப்படியே நின்றேன். ஆற்றில் இப்போது ஓடுவது இந்த மழைத் தண்ணீர்தானே. கோடையில் தேங்கிக் கிடந்த, நம் கிணறு போலவே சுண்ணாம்பு கனத்த தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது. நம் கிணற்றில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இதில் இல்லை. அந்தச் சத்துதான் மீனின் செவுளுக்குக் காவல் நின்றிருக்கிறது. வெள்ளத்தில் செம்பும் நீர்த்துத்தான் போயிருக்கும், ஆனால் காவல் இல்லாத செவுளுக்கு அந்தக் கொஞ்சமே போதும். என் மீன்களைக் காப்பாற்றியது என் எண் அல்ல, என் கிணறு.

மறுநாள் காலை இரண்டே இரண்டு ஜாடி வைத்தேன். ஒன்றில் கிணற்று நீர், ஒன்றில் வடிகட்டிய ஆற்று நீர். இரண்டிலும் ஒரே அளவு செம்பு, ஒரே கூடையில் வந்த மீன். கோயிலில் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் ஆற்று நீர் ஜாடியில் எல்லாம் மல்லாந்துவிட்டன. கிணற்று நீரில் இருந்தவை பொரி போட்டால் மேலே வந்து தின்றன. நீ சொன்ன சோதனைதான் அது. நீ சொல்லி ஆறு மாதம் கழித்துச் செய்தேன்.

அதிகாரியிடம் போனேன். "வெள்ளத்துல மீன் சாகறது புதுசா ஓய்? சேறு அடைச்சுச் செத்திருக்கும், விடும்" என்றார். விட்டிருக்கலாம். அவருக்கு அவசரமில்லை, பட்டறைக்கு நஷ்டமில்லை, என் பேர் எங்கேயும் இல்லை.

"எண் தப்பு சார்."

"யார் எண்?"

அவர் கேட்ட விதத்தை நீ கேட்டிருக்கவேண்டும். கோடையில் அவருடையதாக இருந்த எண், கார்த்திகையில் யாருடையது என்று தெரியாமல் போயிற்று. அந்த இடத்தில் நான் அவரை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினெட்டு வருஷக் கோபம் இருந்தது. ஆனால் எனக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது.

"என் எண் சார்."

"அப்போ எழுதிக் கொடும். உம்ம கையால, உம்ம பேர் போட்டு."

எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோப்பில் என் பேர் முதல் முறையாக ஏறியது அப்படித்தான். தப்பு செய்தவன் என்ற இடத்தில்.

அதற்குப் பிறகு நடந்த சண்டை உனக்குத் தெரிந்ததுதான். மழைக்கு ஓர் எண், கோடைக்கு ஓர் எண் என்று நான் கேட்டேன். "ஒரு ஆத்துக்கு ரெண்டு சட்டமா?" என்றார் அதிகாரி. "ஆறே வருஷத்துக்கு ரெண்டா இருக்கே சார்" என்றேன். நான்கு மாதம் அவர் அறை வாசலில் இரண்டு ஜாடியோடு நின்றேன். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். மீன் நாற்றம் தாங்காமல்தான் கையெழுத்துப் போட்டார் என்று கூடத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இருக்கட்டும். மழைக்கால எண் மிகவும் சிறியது, வெறும் தண்ணீர் கலந்து அதற்குள் வரமுடியாது. ஆகவே பட்டறைக்காரர்கள் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, செம்பைப் படியவைத்துத் தெளிந்த நீரை விட ஆரம்பித்தார்கள்.

ஆனால் உனக்கு நான் சொன்ன கதை வேறு. மழைக்கும் கோடைக்குமாக நான் முதலிலேயே கொடுத்த இரண்டு எண்ணில் மழைக்கால எண்ணை விட்டுவிட்டு அதிகாரி தப்பாகப் பிரதி எடுத்துவிட்டார், அதனால்தான் மீன் செத்தது, நான் சண்டை போட்டுத் திருத்தினேன் என்று சொன்னேன். நீ அதைக் காலேஜில் உன் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொன்னாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் ஒப்புக்கொண்டதை வீட்டில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காப்பியோடு வந்து நின்ற உன் முகம் குறுக்கே வந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு ஆயிரம் நியாயமான வழக்கு உண்டு. இந்த ஒன்று பொய் வழக்கு. உன் அம்மாவுக்கு உண்மை தெரியும், அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. இதை எழுதுகிறேன் என்றதும், "இப்பவாவது எழுதறீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

அஞ்சலையிடம் போய்ச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஆற்றோரம் அவள் குடிசை வாசலில் புருஷன் தோளில் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்போ கம்பெனிக்காரன் ஏமாத்தல?"

"இல்ல."

"தப்பு உன்னுதா?"

"என்னுதுதான்."

"நல்லா கீது போ. உன் வார்த்தையை நம்பிப் போய் இவன் ஒத வாங்கிக்கினு வந்தான். எவன்கிட்ட போய்ச் சொல்ல?" என்றாள். புருஷன் மட்டும், "வுடு, வந்து சொன்னாரே" என்றான். "நீ சும்மா கெட" என்று அவனையும் ஏசினாள். அந்த மழைக்காலம் முழுக்க நம் வீட்டுக்கு அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நாம் கருவாடும் கத்தரிக்காயும் சாப்பிட்டோம். ஏன் என்று நீ கேட்டதற்கு, ஆற்றில் வெள்ளம் என்றேன். அதுவும் பாதிப் பொய். தவக்காலத்தில்தான் வந்தாள். கூடையிலிருந்து இரண்டு கெண்டையை எடுத்துப் போட்டுவிட்டு, "துன்றதுக்கு. ஜாடில போட்டுடாத" என்றாள். அவள் புருஷன் இப்போது வலை வீசுகிறான், முன்பு போல எட்டி வீச முடியவில்லை. மீன் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் நான் குடையோடு போய்ப் பார்க்கிறேன், இருக்கிறது. எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது, என்னைப் பற்றித் தெரிந்தவள் நீ, நான் போதும் என்று சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டது மழைக்கால எண்ணை, சின்ன எண் என்பதால் அது பத்திரம் என்று நினைத்து. நானும் பாதியைப் போட்டபோது அப்படித்தான் நினைத்தேன். உன் ஊர்த் தண்ணீர் பாறையில் விழுந்து நேராக வருகிறது. அதில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுகிறது, தலைக்குத் தேய்த்த சீயக்காய்கூட நுரைக்கிறது என்று உன் கடிதத்திலேயே அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அது நம் மழைக்கால அடையாற்றைவிட மெல்லிய தண்ணீராக இருக்கலாம். அங்கே என் சின்ன எண்ணே பெரிய எண்ணாகிவிடலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை எண்ணாக எழுதி ஒரு முறை அனுப்பினேன், ஒருவன் தோள் போயிற்று.

ஆகவே மாதக் கடைசி என்று உன் மேலதிகாரி நெருக்கினால், முடியாது என்று சொல். பொம்பளைப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறாள் என்பார்கள். பிடி. என் சொத்தில் உனக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். அந்த ஊர் ஆற்றில் தண்ணீர் எடு. மழைக்கு முன்னால் ஒரு முறை, மழையில் ஒரு முறை. அங்கே வலை போடுகிறவர்களிடம் மீன் கேள், அதிலும் பொடி மீனாக வாங்கு, முதலில் சாவது அதுதான். உன் சோதனையைப் பார்த்து யாராவது, கூடை சுமந்து வருகிறவளோ பள்ளிக்கூடத்துப் பெண்ணோ, இது ஏன் இப்படி என்று கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல். பதில் தெரியாவிட்டால் அன்றைக்கு வேறு வேலை பார்க்காதே.

எண் கிடைத்ததும் எனக்கு எழுதி அனுப்பாதே. நான் தப்பு என்று சொல்லிவிடுவேன், என் பழக்கம் அப்படி. ஆற்றங்கரைக்குப் போய் அவர்களிடம் சொல். ஒரு மழைக்காலம் அங்கேயே இருந்து பார். தப்பா சரியா என்று உனக்குச் சொல்ல முடிந்தவர்கள் அவர்கள்தான்.

உன் அப்பா